திருப்பூர் கம்பெனிக்குப் பாலக்காட்டில் குடோன்: எதைப் பதிய வேண்டும், எதற்கு அலைய வேண்டாம்

கேள்வி இதுதான். திருப்பூரில் சில வருடமாக ஓடும் பனியன் கம்பெனி, இரண்டு பங்குதாரர்கள், 33-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. பாலக்காட்டில் ஒரு குடோன் பிடித்து, சரக்கை அங்கே இறக்கி வைத்து, கேரளக் கடைகளுக்கு அங்கிருந்தே பில் போட வேண்டும். அது நன்றாகப் போனால் அடுத்தது பெங்களூரு. கம்பெனியைக் கேரளாவில் மறுபடியும் பதிய வேண்டுமா? அல்லது இருக்கிற ஜிஎஸ்டி எண்ணிலேயே பாலக்காட்டு முகவரியைச் சேர்த்துக்கொண்டால் போதுமா?

இரண்டுக்குமே பதில் 'இல்லை'தானுங்க. கம்பெனி இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான், அதை இன்னொரு முறை பதிய வேண்டியதில்லை. ஆனால் ஜிஎஸ்டி எண் மாநிலத்துக்கு ஒன்று. 33 எண்ணில் ஈரோடு, கரூர், சென்னை என்று எத்தனை முகவரி வேண்டுமானாலும் சேர்க்கலாம். வாளையாரைத் தாண்டிய முகவரி ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாது. அதற்கு 32-இல் தொடங்கும் கேரள எண் தனியாக வாங்க வேண்டும். பெங்களூருக்கு 29. நடுவில் உள்ள பத்து எழுத்து உங்கள் பான் எண்ணே என்பதால், பார்த்த உடனே மூன்றும் ஒரே கம்பெனி என்று தெரியும்.

முதலில் வீண் அலைச்சலை ஒதுக்கிவிடுவோம். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பொறுப்பு வரையறுத்த பங்குதாரர் நிறுவனம்) எதுவானாலும் கிளை திறக்கக் கம்பெனிப் பதிவாளரிடம் புதுப் பதிவு கிடையாது. பதிவு அலுவலகத்தையே மாநிலம் மாற்றினால்தான் சிறப்புத் தீர்மானம், பத்திரிகை விளம்பரம், மண்டல இயக்குநர் ஒப்புதல் என்ற நீண்ட வேலை. கிளை திறப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். பங்குதாரர் நிறுவனம் தமிழ்நாட்டில் பதிவானதென்றால் அந்தப் பதிவு கேரள நீதிமன்றத்திலும் செல்லும். 1932-ஆம் ஆண்டு பங்குதாரர் சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி புதுக் கிளையைப் பதிவாளருக்குத் தெரியப்படுத்திவிட்டால் போதும். பதிவே ஆகாத நிறுவனமாக இருந்தால், கிளைக்கு முன்னால் அந்தப் பதிவை முடித்துக்கொள்ளுங்கள். பாக்கி வைத்த பார்ட்டி மீது வழக்குப் போட 69-ஆம் பிரிவு விடாது. வெளியூர் வியாபாரத்தில் பாக்கி வசூல்தான் முதல் தலைவலி.

பான் ஒன்றே. டிடிஎஸ் பிடிக்கும் டான் எண் ஒன்றே போதும். குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் ஒன்றுதான், புது யூனிட் முகவரியை அதிலேயே சேர்க்கலாம், கட்டணம் இல்லை. ஏற்றுமதி செய்பவர்கள் ஐஇசி என்ற ஏற்றுமதி, இறக்குமதி எண்ணில் கிளை முகவரியை ஏற்றினால் போதும். வங்கிக் கணக்கும் திருப்பூர்க் கணக்கே இரண்டு ஜிஎஸ்டி எண்ணுக்கும் செல்லும். பிஎஃப்-இல் கிளைகள் எல்லாம் ஒரே நிறுவனம் என்றே கொள்ளப்படும். இஎஸ்ஐ-யில் மட்டும் வெளிமாநிலக் கிளைக்குத் துணை எண் வாங்க வேண்டும்.

அடுத்து, கேரள எண் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். எண் வாங்குவது இலவசம். ஆனால் வாங்கிய பிறகு வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய், நில் ரிட்டர்னுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஆகவே தேவையில்லாமல் வாங்கக் கூடாது.

திருப்பூரிலிருந்தே நேராக எர்ணாகுளம் கடைக்கு லாரி போகிறது, பில் திருப்பூரில் போடுகிறீர்கள் என்றால் அது ஐஜிஎஸ்டி போட்ட மாநிலம் கடந்த விற்பனை. 33 எண்ணே போதும். கோழிக்கோட்டில் ஒரு ஏஜென்ட் ஆர்டர் மட்டும் பிடித்துத் தருகிறார், சரக்கு வைக்கவில்லை என்றாலும் அப்படியே. ஏஜென்ட் உங்கள் சரக்கை வாங்கி வைத்து, தன் பெயரிலேயே பில் போட்டு விற்கிறார் என்றால் அவர்தான் ஜிஎஸ்டி எண் வைத்திருக்க வேண்டும், நீங்கள் அல்ல. ஆனால் அவரிடம் அனுப்பும்போதே நீங்கள் வரி போட்டு பில் தர வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் அட்டவணை 1 அதை விற்பனை என்றே கொள்கிறது.

ஜாப் ஒர்க்குக்கு, அதாவது சாயம், தையல் போன்ற வேலையைக் கூலிக்குச் செய்து தருபவரிடம், அனுப்புவதற்கும் எண் வேண்டாம். துணியை டெலிவரி சலானில் அனுப்பி, ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்துவிட்டால் வரியே இல்லை. ஆனால் ஜாப் ஒர்க் சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால் மதிப்பு ஐயாயிரம் ரூபாயாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) கட்டாயம். ஐம்பதாயிரத்துக்குக் கீழ்தானே என்று சலானோடு மட்டும் வேனை ஏற்றிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

ஓணத்துக்கு ஒரு மாதம் ஹால் எடுத்து எக்ஸ்போ போடுகிறீர்கள் என்றால் தற்காலிக வரி செலுத்துவோர் என்று 90 நாளுக்கு எண் வாங்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். வியாபாரம் தொடங்க ஐந்து நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். உத்தேச வரியை முன்கூட்டியே கட்டினால்தான் எண் கிடைக்கும்.

உங்கள் சரக்கு, உங்கள் பெயரில், கேரளக் குடோனில் இருந்து, உங்கள் பில்லில் விற்பனையாகிறது. இதில் தப்ப வழியே இல்லை, எண் வேண்டும். ஆன்லைன் விற்பனைத் தளங்களின் வெளிமாநிலக் குடோனில் டி-ஷர்ட்டை இருப்பு வைப்பவர்களுக்கும் இதே விதிதான். அந்தந்த மாநில எண்ணில் அந்தக் குடோனைக் கூடுதல் வணிக இடமாகக் காட்ட வேண்டும். 40 லட்சம் வரை விலக்கு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கு பான் எண்ணுக்கு, இந்தியா முழுவதும் சேர்த்து. திருப்பூர் விற்பனையும் அதில் சேரும்.

இனி எல்லாம் ஒரே ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 25(4)-ஆம் பிரிவு, வெவ்வேறு மாநிலத்தில் பதிந்த ஒரே கம்பெனியைத் தனித்தனி நபர்களாகக் கொள்கிறது. திருப்பூர்க் கம்பெனியும் பாலக்காட்டுக் கிளையும் உங்களுக்கு ஒரே கல்லா. ஜிஎஸ்டிக்கு அவை இரண்டு வியாபாரிகள். சரக்கு அனுப்பினால் பில், பில்லுக்கு வரி, தனி ரிட்டர்ன், தனி வரவு. வரவு, இன்புட் என்பதெல்லாம் வாங்கும்போது கட்டிய வரி; விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். இதை மனதில் நிறுத்திக்கொண்டால் மற்றதெல்லாம் குழப்பமில்லாமல் புரியும்.

இதில் முதலில் அடிபடுவது காம்பவுண்டிங்கில், அதாவது விற்றுமுதலில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகள் திட்டத்தில், இருப்பவர்கள். அந்தத் திட்டத்தில் மாநிலம் தாண்டி விற்கக் கூடாது. சொந்தக் கிளைக்கு அனுப்பும் சரக்கும் மாநிலம் தாண்டிய விற்பனையே. ஆகவே திருப்பூரில் சாதாரணத் திட்டத்துக்கு மாறிய பிறகுதான் பாலக்காட்டைப் பற்றி யோசிக்க முடியும். கேரள எண்ணை மட்டும் சாதாரணத் திட்டத்தில் வாங்கி, திருப்பூரைக் காம்பவுண்டிங்கிலேயே வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரே பான் எண்ணில் எல்லாம் ஒரே திட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

குடோன் காகிதம்

விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் கம்பெனிக் காகிதத்தால் அல்ல, இடத்தின் காகிதத்தால். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கட்டட உரிமையாளரிடம் மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: உள்ளாட்சியின் கட்டட வரி ரசீது அல்லது உரிமைச் சான்று, சமீபத்திய மின்கட்டண ரசீது, அவருடைய அடையாள அட்டை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் கட்டட எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

கேரளாவில் கட்டட எண் வார்டு எண்ணோடு சேர்ந்து வரும். 12/345 என்றால் 12-ஆவது வார்டு, 345-ஆவது கட்டடம். வார்டு எல்லை மாற்றும்போது இந்த எண்ணும் மாறிவிடும். வரி ரசீதில் புது எண், மின்கட்டண ரசீதில் பழைய எண், ஒப்பந்தத்தில் உரிமையாளர் வாயால் சொன்ன எண் என்று மூன்று இருந்தால் அலுவலர் எதை நம்புவார்? மின் இணைப்பு காலமான அப்பா பெயரில் இருப்பதும் நம் ஊர் போலவே அங்கும் சகஜம். அந்த மாதிரி இருந்தால் உள்ளாட்சியிலிருந்து இன்றைய உரிமையாளர் பெயரில், இன்றைய எண்ணோடு உரிமைச் சான்று வாங்கித் தரச் சொல்லுங்கள். அதைச் செய்து தராத உரிமையாளரின் குடோன் எவ்வளவு வாடகை குறைவானாலும் வேண்டாம். பெங்களூரில் இதே இடத்தில் காத்தா (உள்ளாட்சியின் சொத்துப் பதிவேடு) நகலும் வரி ரசீதும் வரும்.

வாடகை ஒப்பந்தத்தைத் திருப்பூர் முத்திரைத்தாளில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். சொத்து எந்த மாநிலத்திலோ அந்த மாநில முத்திரைக் கட்டணம்தான் செல்லும்: பாலக்காட்டுக்குக் கேரள முத்திரை, பெங்களூருக்குக் கர்நாடக இ-ஸ்டாம்ப். ஒரு வருடத்துக்கு மேல் குத்தகை என்றால் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் 11 மாத ஒப்பந்தம் பழக்கத்தில் இருக்கிறது. பதியாத ஒப்பந்தம் என்றால் உரிமையாளரின் அடையாள அட்டை நகலையும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுப்பவர் பெயர் கம்பெனியின் பெயராக, பான் அட்டையில் இருப்பதைப் போலவே இருக்க வேண்டும். பங்குதாரர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு எடுத்த குடோன், கம்பெனிக்கு இடச் சான்று ஆகாது. 'வணிகப் பயன்பாட்டுக்கு, ஜிஎஸ்டி பதிவுக்குச் சம்மதம்' என்று ஒரு வரி ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் தனிச் சம்மதக் கடிதத்துக்கு அலைய வேண்டாம்.

விண்ணப்பம்

படிவம் ரெஜ்-01. முதல் பகுதியில் மாநிலம் கேரளா, மாவட்டம் பாலக்காடு என்று தேர்ந்து, பான், மொபைல், மின்னஞ்சல் கொடுத்து ஓடிபி போட்டால் தற்காலிக எண் வரும். அதை வைத்து 15 நாளுக்குள் இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பதிவுகள் என்று கேட்கும் இடத்தில் 33 எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். பான் எண்ணை வைத்து அவர்களுக்கே தெரியும், மறைத்ததாகத்தான் தோன்றும். பங்குதாரர் ஒப்பந்தம், பங்குதாரர்கள் படம், கையெழுத்திடுபவருக்கான அதிகாரக் கடிதம், மேலே சொன்ன இடச் சான்றுகள். விற்கும் சரக்கில் முக்கியமான ஐந்துக்கு எச்எஸ்என் எண் (பொருளை வகைப்படுத்தும் எண்) கேட்கும். கையெழுத்திடுபவர் கேரளாக்காரராக இருக்க வேண்டியதில்லை, திருப்பூரில் இருப்பவரே போதும். பங்குதாரர் நிறுவனத்துக்கு ஓடிபி கையெழுத்து செல்லும். பிரைவேட் லிமிடெட், எல்எல்பிக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம்.

பொறுப்பு தொடங்கிய தேதி என்று ஒரு கட்டம் வரும். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் பதிவு அந்தத் தேதியிலிருந்தே செல்லும். தாண்டிவிட்டால் எண் கொடுத்த நாளிலிருந்துதான். இடைப்பட்ட நாட்களில் விற்றதற்கு எண் இல்லாமல் விற்ற கணக்கு. ஆகவே சரக்கு இறக்கிவிட்டு விண்ணப்பிக்காமல், எண் வந்த பிறகு சரக்கை ஏற்றுவதுதான் நிம்மதி.

ஆதார் சரிபார்ப்புக்கு 'ஆம்' கொடுங்கள். சிலருக்கு இணைப்பு மட்டும் வரும், வீட்டிலிருந்தே ஓடிபி போட்டு முடிக்கலாம். சிலரை இயந்திரம் தேர்ந்தெடுத்து ஜிஎஸ்டி சேவை மையத்துக்கு நேரில் வரச் சொல்லும். கைரேகையும் மூலக் காகிதங்களும் அங்கே பார்ப்பார்கள். கையெழுத்திடுபவர் கேரளாவில் சொன்ன மையத்துக்கே போக வேண்டி வரலாம், ஒரு நாளை அதற்கு ஒதுக்கி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஏழு வேலை நாளில் எண் வரும். ஆதார் சரிபார்ப்பு செய்யாவிட்டாலோ, இடத்தை நேரில் பார்க்க முடிவு செய்தாலோ 30 நாள் வரை ஆகும். நேரில் வருபவர் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போனால் அறிக்கை பாதகமாகத்தான் எழுதப்படும். விண்ணப்பித்த நாளிலிருந்து கம்பெனிப் பெயர்ப் பலகை மாட்டி, ஓர் ஆளையும் இரண்டு ரேக்கையும் போட்டு வையுங்கள்.

கேள்வி வந்தால் அது ரெஜ்-03. ஏழு வேலை நாளுக்குள் ரெஜ்-04-இல் பதில் கொடுக்க வேண்டும். 'கேட்டவை இணைக்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரி எழுதிப் பழைய காகிதத்தையே மறுபடி ஏற்றுபவர்களுக்கு நிராகரிப்பு வரும். ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டு, 'மின்கட்டண ரசீதில் உள்ள பழைய எண் இது, இன்றைய எண் இது, இரண்டும் ஒன்றே என்பதற்கு உள்ளாட்சிச் சான்று இதோ' என்று தெளிவாக எழுதினால் போதும். இந்த பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆடிட்டருக்குக் கொடுப்பது அவருடைய உழைப்புக்கு.

எண் வந்த வாரத்தில்

வங்கிக் கணக்கை 30 நாளுக்குள், அல்லது ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னை முதலில் போடும் முன், எது முன்போ அதற்குள் ஏற்ற வேண்டும். மறந்தால் பதிவு நிறுத்தி வைக்கப்படும். சான்றிதழை உள்ளே மாட்டி, ஜிஎஸ்டி எண்ணை வெளிப் பலகையில் எழுதுங்கள். கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்கள் பெயரை அந்த ஊர் மொழியிலும் எழுத வேண்டும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது, பாலக்காட்டில் மலையாளம். கர்நாடகத்தில் கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டமே வந்திருக்கிறது.

இ-வே பில் தளத்தில் கேரள எண்ணுக்குத் தனி நுழைவு. பில் வரிசை தனி. திருப்பூர் பில் வரிசையைத் தொடரக் கூடாது. முன்னால் ஒரு எழுத்து சேர்த்து வேறுபடுத்துங்கள், மொத்தம் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய கம்பெனி என்றால், பாலக்காட்டில் முதல் மாத விற்பனை ஐம்பதாயிரமே ஆனாலும் முதல் பில்லிலிருந்தே இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் பில்) வேண்டும். அந்தக் கணக்கும் பான் எண்ணுக்குத்தான். புதுக் கிளைதானே என்று சாதாரண பில் போட்டால் வாங்கிய கடைக்காரருக்கு இன்புட் வராது, முதல் மாதமே அவரிடம் பேர் கெட்டுப்போகும்.

முதல் லோடு

ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம் ரூபாய் டி-ஷர்ட், பீஸ் 2,500 ரூபாய்க்குள், ஆகவே வரி 5 சதவீதம். விற்பவர் 33 எண், வாங்குபவர் 32 எண், இரண்டும் உங்கள் கம்பெனியே. ஐஜிஎஸ்டி 50,000. நூல், துணி, சாயத்துக்குக் கட்டிய இன்புட் வரவிலிருந்து இதைத் திருப்பூர் கழித்துவிடும். பாலக்காடு இந்த 50,000-ஐ வரவாக எடுக்கும். அங்கே 12 லட்சத்துக்குக் கேரளக் கடைகளுக்கு விற்றால் மத்திய அரசுக்குச் சிஜிஎஸ்டி 30,000, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 30,000. கையிலுள்ள 50,000 ஐஜிஎஸ்டி வரவை இரண்டுக்கும் பிரித்துக் கழிக்கலாம். கையிலிருந்து கட்டுவது 10,000.

இப்போது அதே சரக்கை 'நம்ம கிளைக்குத்தானே' என்று நான்கு லட்சம் மதிப்புப் போட்டு அனுப்பினால்? கிளை முழு இன்புட் எடுக்கத் தகுதி உள்ளது என்பதால் பில்லில் போட்ட விலையை ஜிஎஸ்டி விதி 28 ஏற்றுக்கொள்ளும், சட்டத்தில் தவறில்லை. ஆனால் ஐஜிஎஸ்டி 20,000 தான் பாலக்காட்டுக்குப் போகிறது. அங்கே 60,000 வரி வரும்போது 40,000 ரொக்கம் கட்ட வேண்டும். திருப்பூரில் 30,000 இன்புட் செலவாகாமல் படுத்திருக்கும். ஒரு மாநிலத்தின் இன்புட் வரவை இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற முடியாது. சரக்கு பில் விலையை விற்பனை விலைக்கு அருகில் வைப்பதுதான் வரவைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோகும் வழி. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: விற்காமல் குடோனில் கிடக்கும் சரக்கின் வரவும் அங்கேயே கிடக்கும். முதல் ஓரிரு மாதம் சரக்கைக் குறைவாகவும் அடிக்கடியும் அனுப்புங்கள். ஜிஎஸ்டி தளத்தின் ரொக்கப் பேரேட்டில் உள்ள சிஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி பணத்தை மட்டும் பிஎம்டி-09 படிவம் வழியாக ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம்.

லாரியோடு பில், இ-வே பில் இரண்டும் போக வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும், அது மறுநாள் நள்ளிரவு வரை. பாலக்காட்டுக்கு அது தாராளம். சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூர்ப் பக்கம் அனுப்புகிறவர்கள் மட்டும் மலைப்பாதையின் இரவுத் தடையைக் கணக்கில் வைத்து பில்லை எடுங்கள். பண்ணாரியில் லாரி நிற்கும்போது காலம் ஓடிக்கொண்டிருக்கும். காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்க வழி இருக்கிறது.

இன்னொரு பழக்கக் கோளாறு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை இ-வே பில் வேண்டாம் என்று கை பழகியிருக்கும். கேரளாவுக்குள் வரம்பு ஐம்பதாயிரம். பாலக்காட்டிலிருந்து திருச்சூருக்கு எழுபதாயிரம் ரூபாய் சரக்கை வெறும் பில்லோடு அனுப்பினால் வழியில் பிடிபடும். சரக்கை விடுவிக்க வரியைப் போல இரு மடங்கு அபராதம்.

லாரி வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் ரசீதில் சரியாக எழுதச் சொல்லுங்கள். திருப்பூர் கொடுத்தால் ரிவர்ஸ் சார்ஜ் (சேவையைப் பெற்றவரே கட்டும் வரி) திருப்பூருக்கு. 'டு-பே' என்று பாலக்காட்டில் கொடுத்தால் 32 எண்ணுக்கு.

வாடகையில் போகும் வரி

இதில்தான் பலருக்குத் தெரியாமலே பணம் போகிறது. குடோன் கேரளாவில் இருப்பதால் அதன் வாடகைக்கான வரி கேரளாவின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. 33 எண்ணைக் கொடுத்து வாடகை பில் வாங்கினால் அந்த 18 சதவீதத்தைத் திருப்பூரில் எடுக்க முடியாது. எண் வருவதற்கு முன் மூன்று மாத வாடகை கட்டி பில் வாங்கினாலும் அதே நிலைதான்; புதுப் பதிவில் கையிருப்புச் சரக்கின் வரவை எடுக்க விதி உண்டு, வாடகை போன்ற சேவைக்கு இல்லை. கொடுப்பதை முன்பணம் என்று வைத்துக்கொண்டு, வாடகைத் தொடக்கத்தை எண் வரும் நாளுக்குத் தள்ளி எழுதக் கேளுங்கள். பெரும்பாலான உரிமையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

உரிமையாளருக்கு ஜிஎஸ்டி எண் இல்லை என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வணிகக் கட்டட வாடகைக்கு நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் கட்டி, அதே மாதம் வரவு எடுக்க வேண்டும். அதைக் கேரள எண்ணில்தான் கட்ட வேண்டும்.

ஆடிட்டர் கட்டணம், மென்பொருள், விளம்பரம் போன்ற பொதுச் செலவின் பில் திருப்பூருக்கு வந்து, பயன் இரண்டு கிளைக்கும் போனால், 2025 ஏப்ரல் 1 முதல் ஐஎஸ்டி என்ற தனிப் பதிவு எடுத்து வரவைப் பங்கிட வேண்டும். அதற்கு மாதம் 13-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-6 ரிட்டர்ன். செலவு பாலக்காட்டுக்கு மட்டும் என்றால் நேராக 32 எண்ணிலேயே பில் கேட்டு வாங்கிவிடுங்கள். திருப்பூர் அலுவலக ஆட்கள் கிளைக்குச் செய்யும் வேலைக்கு, சம்பளத்தைப் பிரித்து பில் போட வேண்டுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கிளை முழு இன்புட் எடுக்கத் தகுதி உள்ளது என்றால் சம்பளத்தைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023 ஜூலை சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஜிஎஸ்டிக்கு வெளியே

உள்ளாட்சியின் வணிக உரிமம், தொழிலாளர் துறையில் கடை மற்றும் வணிக நிறுவனப் பதிவு, இரண்டும் கேரளாவில் தனியாக எடுக்க வேண்டும். தொழில் வரி நம் ஊர் போலவே உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை. கர்நாடகத்தில் அது மாநில வரித்துறைக்கு: ஊழியர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கட்டுவது ஒன்று, நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் இன்னொன்று. குறைந்தபட்சக் கூலியை அந்த மாநில அட்டவணைப்படி பாருங்கள், திருப்பூர்க் கூலியை அப்படியே எடுத்துப் போக வேண்டாம்.

கேரளாவில் ஏற்றி இறக்குவதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 1978-ஆம் ஆண்டுச் சுமைத் தொழிலாளர் சட்டம். உங்கள் ஆட்களை வைத்தே பண்டல் இறக்க வேண்டுமானால் அவர்களுக்குத் தொழிலாளர் துறையில் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் பதிவான தொழிலாளர்களிடம் நிர்ணயித்த கூலிக்கு வேலையைக் கொடுங்கள். பார்த்து நிற்பதற்குக் கேட்கும் நோக்குக் கூலியை 2018 மே 1 முதல் அரசே ஒழித்துவிட்டது. முதல் லோடுக்கு முன்னால் இதைப் பேசி முடித்துவிட்டால் லாரி வாசலில் நிற்காது.

பனியனுக்கு இத்தோடு போதும். ஈரோட்டு மஞ்சள்தூள், காங்கேயம் தேங்காய் எண்ணெய் என்று உணவுப் பொருளாக இருந்தால் ஒவ்வொரு குடோனுக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் தனி. இரண்டு மாநிலத்தில் இடம் வந்துவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு மத்திய உரிமமும் சேரும். குடோனில் தையல் மிஷின் போட்டால் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அது தொழிற்சாலை ஆகலாம், அதற்கு வேறு உரிமங்கள்.

ஏற்கெனவே 33 பில்லிலேயே பாலக்காட்டுக் குடோனிலிருந்து விற்றுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், பயந்து அப்படியே விட்டுவிடாதீர்கள். கேரள எண்ணை வாங்கி, போட வேண்டிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியைக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டிய ஐஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. அந்த வகை மாற்றத்துக்கு வட்டியும் இல்லை. பதியாமல் விற்றதற்கான அபராதம் வேறு. அது பத்தாயிரம் அல்லது வரித் தொகை, எது அதிகமோ அது. அலுவலர் கண்டுபிடித்துக் கேட்பதற்கும் நீங்களே போய்ச் சரிசெய்வதற்கும் நிறைய வித்தியாசம்.

ஒருவேளை கிளை ஓடவில்லை என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். மீதிச் சரக்கை ஐஜிஎஸ்டி பில்லோடு திருப்பூருக்குத் திருப்பி அனுப்பி, வரவையும் அதோடு கொண்டுவந்துவிட்டு, பிறகு பதிவை ரத்து செய்யக் கேட்கும் ரெஜ்-16 போடுங்கள். சரக்கு குடோனில் இருக்கும்போதே ரத்து கேட்டால் அதன் வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். ரத்து உத்தரவு வந்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன். ரிட்டர்ன் போடாமல் விட்டு அவர்களே ரத்து செய்தால், அடுத்து பெங்களூருக்கு 29 எண் கேட்கும்போது அந்தப் பழைய ரத்து இதே பான் எண்ணில் அங்கே எதிரே நிற்கும்.